கோட்டைவாசலுக்கு அடியில் இருந்தவர்கள்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு, எந்த ஊர் என்று கேட்காதீர்கள். அந்த நாடே இப்போது இல்லை, பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? ராஜாவின் பெயர் மட்டும் தங்கியிருக்கிறது: அதிரதபூபதி. நல்ல மனுஷர்தான். பசித்தவனுக்குச் சோறு போடுவார், பாட வந்தவனுக்குப் பொன் போடுவார். ஆனால் ராஜாக்களுக்கு எந்த வியாதி வந்தாலும் போய்விடும், ஒரு வியாதி மட்டும் வந்தால் போகாது. 'இதெல்லாம் எவ்வளவு காலம் நிற்கும்' என்கிற யோசனைதான் அந்த வியாதி.

அதைக் கொண்டுவந்து சேர்த்தவன் ஒரு பரதேசிப் பாணன். பழைய பேரரசுகளைப் பற்றிப் பாடினான். கடல் கடந்து கொடி நாட்டியவர்கள், மலையைக் குடைந்து வழி போட்டவர்கள், மாற்றாரின் மணிமுடியை உருக்கிப் படிக்கட்டுக்குப் பூண் போட்டவர்கள். எல்லாப் பாட்டும் ஒரே மாதிரிதான் முடிந்தது. அந்தப் பட்டணத்தில் இப்போது எருக்கு முளைத்திருக்கிறது, அந்த அந்தப்புரத்தில் நரி குட்டி போட்டிருக்கிறது என்று. பாணன் பரிசை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டான். ராஜாவுக்குத்தான் அன்று முதல் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சபையில் கேட்டார். "அவ்வளவு பெரிய அரசுகள் ஏன் அழிந்தன?"

சேனாபதி எழுந்து, "யானைப்படை போதவில்லை, மகாராஜா" என்றார். கருவூலத்துக்காரர், "வரி போதவில்லை" என்றார். புரோகிதர், "யாகம் போதவில்லை" என்றார். அவரவருக்கு எது வேண்டுமோ அதுதான் போதவில்லையாம்.

விகடகவி கண்டியப்பன் தூணோரமாக நின்றுகொண்டிருந்தான். குள்ளமான ஆள், நெஞ்சு வரைக்கும் தாடி. "மகாராஜா, அந்த அரசர்களும் இதே கேள்வியைக் கேட்டார்கள். இதே பதில்களைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்குள் பகைவன் வந்துவிட்டான்" என்றான்.

சபை சிரித்தது. ராஜா மட்டும் முழுதாகச் சிரிக்கவில்லை.

சிரிக்காத இன்னொருவர் பிரதானி சோலைமலையார். அவருக்குக் கண்டியப்பன் மேல் பழைய எரிச்சல். ஒருமுறை சபையில் அவர் கண்ணயர்ந்து குறட்டை விட்டபோது, கண்டியப்பன் எல்லாரையும் கையமர்த்தி, "சத்தம் போடாதீர்கள், ராஜ்யபாரம் நடக்கிறது" என்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு தெருவில் அவர் போனால் சின்னப் பிள்ளைகள் குறட்டை விட்டன. மனுஷர் எதை மறந்தாலும் அதை மறப்பாரா?

"மகாராஜா, அந்த அரசுகளுக்கெல்லாம் வாசல் உறுதியாக இல்லை. அழியாத வாசல் ஒன்று கட்டுங்கள், அரசும் அழியாது" என்றார் பிரதானி. ராஜாவுக்குச் சட்டென்று பிடித்துப்போயிற்று. ஆறு வளைகிற இடத்தில் மேடாக ஒரு நிலம் இருந்தது. நாலு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும். அங்கேயே கோட்டைவாசல் எழும்பத் தொடங்கியது.

எழும்பியது, விழுந்தது. மறுபடி எழும்பியது, மறுபடி விழுந்தது. விழுந்ததுகூடத் தடாலென்று விழவில்லை. ஆட்கள் உச்சிப்பொழுதில் கஞ்சி குடிக்கப் போயிருப்பார்கள். திரும்பி வந்து பார்த்தால், ஆள் உயரச் சுவர் சத்தமே இல்லாமல் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். யாரோ அடியிலிருந்து காலைப் பிடித்து இழுத்த மாதிரி. மூன்றாம் தரம் அப்படி ஆனபோது வேலையாட்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்கள்.

பிரதானி ஒரு நிமித்திகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவன் சோழியை உருட்டிப் பார்த்துச் சொன்னான். "பூமி பலி கேட்கிறது. நாட்டிலேயே இணையற்ற ஒருவனைக் கடைக்கால் குழியில் உயிரோடு உட்கார வைத்து, மேலே கல்லைப் போட்டு மூட வேண்டும். அப்புறம் சந்திர சூரியர் உள்ளவரை வாசலும் நிற்கும், அரசும் நிற்கும்."

ராஜா தொண்டையைச் செருமிக்கொண்டு, "இணையற்றவன் என்றால் யார்?" என்றார்.

பிரதானி வெண்ணெயாக உருகிப் பேசினார். "மகாராஜாவின் திருவாக்கையே நினைவூட்டுகிறேன். 'கண்டியப்பா, உனக்கு இணை இந்த நாட்டில் இல்லை' என்று தாங்கள் எத்தனை முறை அருளியிருக்கிறீர்கள்! தங்கள் வாக்கு பொய்யாகுமா?"

கண்டியப்பன் சிங்காசனத்தின் பக்கம் திரும்பினான். ராஜாவைப் பார்த்தான். ராஜா இல்லை என்று சொல்லியிருக்கலாம், ஒரு வார்த்தைதான். அவரோ மோதிரத்தைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தார். அத்தனை வருஷம் தான் சிரிக்கவைத்த மனுஷர் தன் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்கிறாரே என்று கண்டியப்பனுக்கு வயிறு எரிந்தது. சாகப்போகிறோம் என்பதைவிட அதுதான் அதிகமாக எரிந்தது.

"பாக்கியம், மகாராஜா" என்றான். "ஒரே ஒரு வரம் வேண்டும். நான் கொஞ்சம் பொறாமைக்காரன். பிரதானியாரோடு பழகிய தோஷம். எனக்குப் பங்காளி ஆகாது. எனக்கு முன் எவரையும் வைக்காத இடத்தில்தான் என்னை வைக்க வேண்டும். கடைக்கால் போடுகிறவர்களுக்கும் அதுதானே வழக்கம்? யாரும் தொடாத கன்னிமண் கண்ட பிறகுதானே முதற்கல் வைப்பார்கள்?"

"வழக்கம்தான். அதில் தடையென்ன?" என்றார் பிரதானி. ராஜா வெற்றிலை பாக்கை எடுத்து நீட்டினார். அந்த நாட்டில் ராஜா தாம்பூலம் கொடுத்துச் சொன்ன சொல்லை ராஜாவே மீற முடியாது. கண்டியப்பன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

வீட்டில் அவன் பெண்சாதி சிட்டம்மை அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். செய்தி அவனுக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்தீகளா? அந்தக் குறட்டக்காரரப் பகைச்சுக்காதீக, பகைச்சுக்காதீகன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேனே!" என்று அழுதாள். "இப்ப என்னத்தச் சொல்லிச் சிரிக்க வைக்கப் போறீக?"

"அழுவாத புள்ள. சொல்றதக் கேளு. சொவரு எறங்குன பள்ளத்துல ஒரு செங்கல்லப் பாத்தேன். ரெண்டு கையால தூக்கணும், அம்புட்டுப் பெருசு. நம்ம சூளையில அது வேகாது."

"அதுக்கென்ன இப்ப?"

"நமக்கு முந்தி எவனோ அங்கயே கட்டியிருக்கான். ராசாக்களுக்குப் புத்தி ஒண்ணுதான். ஆத்து வளைவும் மேடும் இவருக்குப் புடிச்சா அவனுக்கும் புடிச்சிருக்கும். கட்டுனவன் இவரப் போலவே பயந்திருப்பான். பயந்தவன் ஆளப் பொதச்சிருப்பான். கீழ ஆளு இருந்தா அது கன்னிமண்ணு இல்ல. நான் தப்பிச்சேன்."

"ஆளு இல்லேன்னா?"

கண்டியப்பன் அணைந்த அடுப்போரமாக அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

தோண்டத் தொடங்கினார்கள். ராஜாவே வந்து குடைநிழலில் உட்கார்ந்தார். குழியின் வாயில் மரச் சட்டம் நட்டு, மூடுகிற கல்லைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார் பிரதானி. கல்லில் சந்திரனும் சூரியனும் ராஜாவின் சேவல் சின்னமும் செதுக்கியிருந்தது. கண்டியப்பனை மாலை போட்டு அதன் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார்கள்.

கொஞ்சம் ஆழம் போனதும் மண்வெட்டி ணங்கென்றது. பெரிய பலகைக்கல். துடைத்துப் பார்த்தால் சந்திரன், சூரியன், நடுவில் ஓர் ஆமை. அது எந்த ராஜாவின் சின்னம் என்று யாருக்கும் தெரியவில்லை. கல்லைப் புரட்டினார்கள். கீழே சின்ன அறை. அறைக்குள் ஓர் எலும்புக்கூடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. தலை மட்டும் நிமிர்ந்து மேலே பார்த்தது. வாய் திறந்திருந்தது.

"மகாராஜா, இடத்தில் ஆள் இருக்கிறது" என்றான் கண்டியப்பன். உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவனுக்கு.

"அதற்குக் கீழே தோண்டினால் கன்னிமண் வரும்" என்றார் பிரதானி.

தோண்டினார்கள். குழியின் பக்கச் சுவரில் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. கரி. ஒரு பட்டணம் முழுக்க எரிந்தால்தான் அவ்வளவு கரி சேரும். கரிக்குக் கீழே வேறு அளவில் செங்கல். அப்புறம் பலகைக்கல், சந்திரன், சூரியன், நடுவில் ஒரு நாரை. அதற்கடியில் ஒரு பெண்பிள்ளை, கையில் சங்கு வளையல். அதே சம்மணம். அதே மாதிரி மேலே பார்த்த முகம்.

அதற்குக் கீழே மறுபடியும் கரி. இன்னொரு கல். இன்னொருவர்.

வெயில் மண்டையைப் பிளக்கிற மாசம் அது. குழிக்குள்ளிருந்து வந்த காற்றோ குளிர்ந்திருந்தது. மேட்டில் ஒரு காக்கை இல்லை. மண்வெட்டுகிறவர்களின் தலைவன் பொம்மையன் ஏணி வழியாக மேலே வந்து ராஜாவின் காலில் விழுந்தான். "சாமி, எங்களால ஆவலீங்க. வெட்டுறப்ப கேக்கல, நிறுத்துனா கேக்குதுங்க. கீழ யாரோ மூச்சு விடுறாங்க."

"காற்றுடா, மூடனே" என்றார் பிரதானி. அவர் குரலும் முன்போல் இல்லை.

ராஜா, "தோண்டு" என்றார். கண்களை அந்தக் குழியிலிருந்து எடுக்கவே இல்லை.

அடுத்ததாக வந்த எலும்புக்கூட்டின் காலில் சலங்கை இருந்தது. சின்ன உடம்பு, கண்டியப்பனின் அளவுதான் இருக்கும். மடியில் ஒரு கோமாளிக் குல்லாயின் பித்தளைக் குமிழ் கிடந்தது. பொம்மையன் எலும்புக்கூட்டைத் தூக்கியபோது சலங்கை ஒருமுறை சிணுங்கி நின்றது. கண்டியப்பனுக்குத் தாங்கவில்லை. நீயும் நம்ம தொழில்தானா அப்பா, உன்னையும் இணையில்லாதவன் என்று சொல்லித்தான் உட்கார வைத்தார்களா என்று வாய்விட்டே கேட்டு அழுதான். அவன் அழுது அதுவரை யாரும் பார்த்ததில்லை.

அதற்குக் கீழே போகப் போகச் சின்னங்கள் மாறின, கரி மாறவில்லை. கடைசியில் கரியும் நின்றது. வெள்ளை ஆற்றுமணல் வந்தது. மணலுக்குள் வழவழப்பான கல்லால் கட்டிய ஓர் அறை, அதற்கு மூடியே கிடையாது. உள்ளே கிடந்த மணலை அள்ளி வெளியே போட்டுவிட்டுப் பொம்மையன் கத்தினான். "ஒரு ஆசனம் இருக்குதுங்க! ஆளு இல்லீங்க! வெறுசாக் கெடக்குது!"

பிரதானி துள்ளினார். "கண்டீர்களா, மகாராஜா! கன்னிமண்! எவரும் உட்காராத இடம்! நம் விகடகவிக்காகவே காத்திருக்கிறது!"

ஆள்மேல் ஆள் வந்துகொண்டே இருக்கும் என்று கண்டியப்பன் நம்பியிருந்தான். காலியாக ஓர் இடம் இருக்கும் என்று அவன் கணக்குப் போடவில்லை. கேட்டு வாங்கிய வரமே கழுத்துக்குக் கயிறாகிவிட்டது. இருந்தாலும் ஏணியைப் பிடித்து இறங்கினான். ஒவ்வொரு கறுப்புப் பட்டையாக அவன் முகத்துக்கு நேரே மேலே போயிற்று. கடைசிப் படியில் நின்று அந்த ஆசனத்தை உற்றுப் பார்த்தான். சுற்றி வந்து கையால் தடவிப் பார்த்தான். அதில் ஏறி உட்கார்ந்தான். அவனுடைய கால் தரையைத் தொடவில்லை. முழங்கைக்கு எட்டாத தூரத்தில் கைப்பிடி இருந்தது. அப்போதுதான் அவனுக்கு மூச்சு சீராக வந்தது. சட்டென்று இறங்கிக் கைகட்டி நின்றுகொண்டான்.

"பிரதானியாரே!" என்று மேலே பார்த்துக் கூப்பிட்டான். "ஒரு சந்தேகம். மேலே இத்தனை பேரை வைத்தும் எந்த அரசும் நிற்கவில்லையே, ஏன்?"

"இடம் தப்பு. முன்பே ஆள் வைத்த இடத்தின் மேலேயே வைத்தார்கள். இதுதான் சரியான இடம்."

"இந்த ஆசனத்தில் யார் உட்கார வேண்டுமோ அவர் உட்கார்ந்தால் அரசு அழியாது, உறுதிதானே?"

"உறுதி! என் தலைமேல் ஆணை! சீக்கிரம் உட்கார்!"

"மகாராஜாவின் காதிலும் விழுந்தது அல்லவா?" என்றான் கண்டியப்பன். "அப்படியானால் குடையை இறக்குங்கள். ஆசனத்துக்குப் பின்னால் வெண்கொற்றக் குடை நடுகிற துளை இருக்கிறது. முன்னால் பாதபீடம் இருக்கிறது. கைப்பிடி இரண்டிலும் சிங்கமுகம் இருக்கிறது. இது விகடகவி ஆசனம் இல்லை, பிரதானியாரே. இதில் என்னை வைத்தால் ராஜத்துரோகம்."

பிரதானியின் முகம் வெளுத்துப்போனது.

ராஜா எழுந்தார். வேண்டாம் என்று சொன்னவர்களை விலக்கிவிட்டு ஏணியில் இறங்கினார். அந்த எலும்புகள் இருந்த ஒவ்வொரு அறையின் முன்னும் நின்று நின்று இறங்கினார். அடியில் வந்து ஆசனத்தைப் பார்த்தவர், யாரோ கைபிடித்து உட்கார வைத்ததுபோல அதில் உட்கார்ந்தார். அளவெடுத்துச் செதுக்கியது மாதிரி இருந்தது. பாதம் பீடத்தில் படிந்தது. கை சிங்கமுகத்தின் மேல் போய்த் தானாக அமர்ந்தது. கல் குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்தார். கல்லில் உடம்புச் சூடு இருந்தது.

ராஜா தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். வெகு உயரத்தில் கைக்குட்டை அகலத்துக்கு வானம். அதில் பாதியை மறைத்துக்கொண்டு அவருடைய சந்திர சூரியக் கல் தொங்கியது. விளிம்பில் வரிசையாகச் சபையோரின் தலைகள். ஒரு தலையும் அசையவில்லை.

"கண்டியப்பா" என்றார் ராஜா, மெல்ல. "அவர்கள் ஏன் பேசாமல் பார்க்கிறார்கள்?"

"கீழே உட்கார்ந்தவரை மேலே இருப்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், மகாராஜா."

"இதில் உட்கார வேண்டிய ராஜா எங்கே போனான்?"

"பயந்து எழுந்து போயிருப்பார். போனவர் தமக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்பினார். பின்னால் வந்தவர்கள் அதையே வழக்கமாக்கிக்கொண்டார்கள். நான் அந்த வரிசையில் கடைசி."

ராஜா எழுந்திருக்கப் பார்த்தார். கால் வரவில்லை. கண்டியப்பன் கையை நீட்டினான், அன்று மோதிரத்தைத் திருகிய ராஜாவின் கை அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்தபடி மேலே வந்தார்கள். வெளிச்சத்துக்கு வந்ததும் ராஜா, பலிப் பேச்சு எழுந்த பிறகு முதன்முறையாக அவன் முகத்தைப் பார்த்து, "என்னை மன்னித்துவிடு" என்றார்.

எலும்புகளையெல்லாம் எடுத்து ஆற்றங்கரையில் முறைப்படி எரித்தார்கள். அழுவதற்குச் சொந்தமில்லாத சாவுகள். சிட்டம்மை ஊர்ப் பெண்களைக் கூட்டிவந்து ஒப்பாரி வைத்தாள். சலங்கைக்காரனுக்குக் கண்டியப்பனே வாய்க்கரிசி போட்டுக் கொள்ளி வைத்தான்.

அப்புறம் குழியை மூட வேண்டும். "சும்மா மூடக் கூடாது, மகாராஜா, ஏதாவது பலி..." என்று நிமித்திகன் முனகினான். கண்டியப்பன், "ஒரு பூசணிக்காயை உடையுங்கள். அதற்கும் வயிறு உண்டு, உள்ளே குங்குமம் வைத்தால் சிவப்பாகவும் இருக்கும். தூக்கிக்கொண்டு வர நம் பிரதானியாரின் தலை இருக்கிறது, அந்தத் தலைமேல்தானே ஆணையிட்டார்" என்றான். ஊரிலேயே பெரிய பூசணிக்காயைப் பிரதானி வெயிலில் சுமந்து வந்தார். வழியெல்லாம் பிள்ளைகள் குறட்டை விட்டன.

பூசணிக்காய் உடைந்தது. குழி பாதி மூடியபோது ராஜா விளிம்பில் நின்று கேட்டார். "கண்டியப்பா, எனக்குப் பின்னால் ஒருவன் வந்து இதே இடத்தைத் தோண்டுவான், இல்லையா?"

"தோண்டாமல் இருப்பானா, மகாராஜா? மேடாக அல்லவா இருக்கிறது!"

"என் அடுக்கில் அவன் என்ன காண்பான்?"

"ஒன்றும் காணமாட்டான். கரி இல்லை, கல் இல்லை, எலும்பு இல்லை. மண்ணைத் தட்டிவிட்டு, 'இங்கே யாரும் செத்த தடமே இல்லையே, அப்படியென்றால் இந்தக் காலத்தில் அரசு என்றே ஒன்று நடக்கவில்லை போலிருக்கிறது' என்று சொல்லிவிட்டுக் கீழே தோண்டப் போவான்."

ராஜாவின் முகம் சுருங்கியது. அப்புறம் உதடு துடித்தது. அப்புறம் சிரித்தார் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, பாணன் வந்துபோன நாளிலிருந்து சிரிக்காத சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தார். பாதி மூடிய குழிக்குள்ளிருந்தும் சிரிப்பு வந்தது. எதிரொலி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ராஜா சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோதும் அது கேட்டுக்கொண்டிருந்தது. அதில் ஒரு பெண்குரலும் இருந்ததாகப் பொம்மையன் சத்தியம் பண்ணினான்.

ராஜா தம் கையிலிருந்த வீரக்கங்கணத்தைக் கழற்றிக் கண்டியப்பனின் கையில் மாட்டினார். இனி அந்த நாட்டில் எதற்காகவும் மனுஷப் பலி கூடாது என்று அங்கேயே பறையறைவித்தார். கண்டியப்பன் கங்கணத்தோடு வீட்டுக்குப் போனான். சிட்டம்மை அணைத்த அடுப்பை மூட்டி உலை வைத்தாள்.

வாசல் அப்புறம் கட்டவே இல்லை. அந்த ராஜா எப்படி ஆண்டார், எத்தனை காலம் ஆண்டார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த ஊரில் போய்த் தோண்டிப் பார்த்தாலும் தெரியாது.